மடுல்சீமைக் கடைக்காரரின் கணக்கு யார் கையில்?

மடுல்சீமை பசாரில் வியாபாரம் மாதத்தின் 10ஆம் திகதியைச் சுற்றித்தான் ஓடுகிறது. தோட்டத்தில் சம்பளம் போடும் நாள் அது. மற்ற நாட்களில் சாமான் போகும், காசு வராது. கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் கிடக்கும் நீளக் கொப்பியில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம். மேலே பேர், அதன் கீழே எந்த டிவிசன், எந்த லயம். பிறகு திகதி வாரியாக மா, சீனி, பருப்பு, சவர்க்காரம், பிள்ளைக்கு ஒரு பிஸ்கட் பக்கட். சம்பளத்தன்று பின்னேரம் கொழுந்தெடுக்கும் அம்மா வந்து பாதியையோ முக்கால்வாசியையோ கட்டுவார். கட்டிய வரிகளுக்குக் குறுக்கே ஒரு கோடு விழும், மீதி அடுத்த பக்கத்துக்குப் போகும். தீபாவளி முற்பணம் கிடைக்கும் மாதத்தில் பழைய பாக்கி கொஞ்சம் கரையும். கொழுந்து குறைந்து வேலை நாளும் குறைந்தால் மறுபடி ஏறும்.

இந்தக் கொப்பியை அரசின் வரிக் கணினிக்குள் கொண்டுபோகச் சொல்லும் காலம் வந்திருக்கிறது. கொழும்பில் கணக்காளரும் கணினியும் வைத்திருக்கும் நிறுவனத்துக்கு அது ஓர் அலுவலக வேலை. பசறையிலிருந்து மேலே ஏறும் பாதையின் கடைசியில் கடை வைத்திருப்பவருக்கு அது வேறு.

அரசு ஏன் இதில் இறங்கியது என்பதில் மர்மம் இல்லை. 2019ஆம் ஆண்டு முடிவில் வரிகளை வெட்டினார்கள். வற் எனும் பெறுமதி சேர் வரி 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாக இறங்கியது. ஆண்டுக்கு 1 கோடியே 20 லட்சம் ரூபாய் விற்றாலே வற்றுக்குப் பதிய வேண்டும் என்றிருந்த எல்லை ஒரே தாவலில் 30 கோடிக்குப் போனது. வரிப் பட்டியலிலிருந்து பெரும் எண்ணிக்கையானோர் காணாமல் போனார்கள். 2022இல் நாட்டின் வரி வருமானம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 7.3 சதவீதமாகச் சரிந்தது. அந்த ஆண்டு எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்றவர்களில் தோட்டத்து மக்களும் உண்டு. வரி சேராத அரசு எப்படி விழும் என்பதை மலையகம் வயிற்றில் உணர்ந்தது. ஆகவே வரியே வேண்டாம் என்று இந்தக் கட்டுரை வாதாடப் போவதில்லை.

ஏறிய எல்லை வேகமாகத் திரும்பி இறங்கியது. 2022 ஒக்டோபரில் 8 கோடி, 2024 ஜனவரியில் 6 கோடி. அதே ஜனவரியில் வற் 18 சதவீதமானது. எரிவாயு, எரிபொருள், கைத்தொலைபேசி போன்றவற்றுக்கு இருந்த விலக்கும் அன்றோடு போனது. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் இந்த எல்லையை ஏப்ரல் மாதம் முதல் 3 கோடியே 60 லட்சமாகக் குறைக்க முன்மொழிந்தது. சமூகப் பாதுகாப்பு உதவுதொகை வரிக்கும் அதே எல்லைதான். வற் பதிவுள்ள கடைகளில் விற்பனை இயந்திரத்தைக் கட்டாயமாக்கும் முயற்சியும் சேர்ந்தே வருகிறது.

3 கோடியே 60 லட்சம் பெரிய முதலாளியின் கணக்காகத் தெரியலாம். நாளுக்கு வகுத்தால் ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. ஒற்றை அறைக் கடை அதைத் தொடாது. ஆனால் மேல் டிவிசன்களில் உள்ள வீட்டுக்கடைகளுக்கும் சேர்த்துச் சாமான் போடும் கடை, ஹார்ட்வெயார் கடை, சம்பள வாரத்தில் ஆள் வைத்து நிறுக்கும் கடை ஆகியவை தொட்டுவிடும். 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை எட்டியதை மறக்கக் கூடாது. அதே மூட்டை சீனி, அதே டின் எண்ணெய், ஆனால் விற்பனைத் தொகை மட்டும் ஏறி நிற்கிறது.

இது விற்பனை, இலாபம் இல்லை. நூறு ரூபாய்க்கு விற்றால் ஐந்து ரூபாய் கையில் நிற்கும் கடை என்று வையுங்கள். 3 கோடியே 60 லட்சத்துக்கு 18 லட்சம் வரும். 2025 ஏப்ரல் முதல் தனிநபர் வருமான வரியில் விலக்குள்ள தொகை அதே 18 லட்சம். அதாவது, வருமான வரி கட்டும் அளவுக்குச் சம்பாதிக்காதவர் என்று ஒரு சட்டம் விட்டுவைத்த அதே மனிதரை இன்னொரு சட்டம் பெரிய வியாபாரியாகப் பதியச் சொல்லும். இரண்டு எல்லைகளும் ஒன்றோடொன்று பேசவில்லை. மெல்லிய இலாபத்தில் நிறைய விற்கும் தொழில்தான் தோட்டத்துக் கடை. அடி அங்கேதான் விழும்.

வற் ஓடும் விதத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். கடைக்காரர் வாங்கும்போது கட்டிய வரியை விற்கும்போது அறவிட்ட வரியிலிருந்து கழித்து, மீதியை அரசுக்குக் கட்ட வேண்டும். கழிப்பதற்கு முறையான வரிப்பட்டியல் வேண்டும். மொத்த வியாபாரியின் லொறி தரும் சில துண்டுச் சீட்டுகள் அதற்கு உதவாது. லயத்துப் பின்புறத் தோட்டத்திலிருந்து கூடையில் வரும் பீன்சுக்கும் லீக்ஸுக்கும் சீட்டே கிடையாது.

இன்னொன்று, சட்டத்தில் விலக்குப் பெற்ற பொருட்களும் உண்டு. அவற்றின் விற்பனை அந்த 3 கோடியே 60 லட்சத்தில் சேராது. எல்லைக்கு அருகில் நிற்கும் கடைக்கு இது பெரிய பாதுகாப்பு. ஆனால் எது விலக்கில் போனது, எது வரியில் போனது என்று பிரித்துக் காட்ட வேண்டும். வீட்டு வாரியாக எழுதிய கொப்பியில் அந்தப் பிரிவு இல்லை.

எனக்கு மிகவும் உறுத்துவது கடன்தான். வற் சட்டத்தில் சாமான் கைமாறும்போதே விற்பனை நடந்துவிடுகிறது, காசு வரும்வரை அது காத்திருப்பதில்லை. மாதத் தொடக்கத்தில் கடனுக்குப் போன சவர்க்காரத்துக்கான வரி, சம்பளம் வந்தாலும் வராவிட்டாலும் கணக்கில் ஏறிவிடும். சம்பளத்தன்று பாதிதான் கட்டினார் என்றால் மற்றப் பாதியின் வரியையும் கடைக்காரரே சுமந்து நிற்பார். மாதம் முழுவதும் கடன் கொடுப்பவர் இருப்பதால்தான் லயத்தில் அடுப்பு எரிகிறது. வரிச் சுமைக்குப் பயந்து அவர் கடனைச் சுருக்கினால் முதலில் தெரிவது அந்த அடுப்புகளில்தான்.

கணினி தானாகவே வியாபாரத்தைப் பார்க்கத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதை 2025 ஜூலையில் பெங்களூரு காட்டியது. கர்நாடக வணிகவரித் துறை சிறு கடைகளின் யூபிஐ வரவுகளைத் திரட்டி, ஆண்டுக்கு 40 லட்சம் இந்திய ரூபாயைத் தாண்டியவர்களுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் அனுப்பியது. பெட்டிக்கடை, பேக்கரி, காய்கறிக் கடை எல்லாம் அதில் அடக்கம். காய்கறிக்கும் பாலுக்கும் வரியே இல்லை, ஆனால் வங்கிக்கு வந்த காசு காய்கறிக்கானதா சிகரெட்டுக்கானதா என்று கணினிக்குத் தெரியாது. சில நாட்களில் நகரமெங்கும் கடைகள் கியூஆர் அட்டையைக் கழற்றிவிட்டு, காசு மட்டும் என்று எழுதி ஒட்டின. பிறகுதான் மாநில அரசு இறங்கி வந்து பழைய பாக்கி கேட்கப்படாது என்றது. இலங்கையிலும் 2018 முதல் லங்கா கியூஆர் இருக்கிறது. மலையகக் கடைகளை அதற்குப் பழக்க வேண்டுமானால், அட்டையைத் தொங்கவிட்டதே குற்றமாகிவிடாது என்ற உறுதியை முதலில் கொடுக்க வேண்டும்.

வற் எல்லைக்கு எட்டாத சின்னக் கடைகளையும் டின் எனும் வரி செலுத்துநர் அடையாள இலக்கம் எட்டிவிட்டது. 2024 ஜனவரி முதல் 18 வயதானோர் அனைவரும் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் பதிய வேண்டும் என்ற அறிவிப்பு வந்தபோது தோட்டங்களில் கிளம்பிய பயம் சிறிதல்ல. பதியாவிட்டால் 50,000 ரூபாய் தண்டம் என்ற செய்தியும் கூடவே பரவியது. டின் எடுப்பதால் மட்டும் வரி கட்ட வேண்டியதில்லை என்று திணைக்களம் விளக்கியது. அது உண்மையும்கூட. ஆனாலும் நடைமுறையில், நடப்புக் கணக்கு திறக்கவும் வாகனம் பதியவும் எல்லோரிடமும் டின் கேட்கிறார்கள். நிலையான வைப்பு வட்டியில் 2025 ஏப்ரல் முதல் 10 சதவீதம் பிடிக்கிறார்கள், வருமானம் எல்லைக்குக் கீழே என்று எழுதிக்கொடுத்து அதை நிறுத்தவும் டின் வேண்டும். வரி வராது என்பது வேறு, வரி வராது என்று காட்டுவது வேறு.

அந்தக் காட்டும் வேலை எங்கே நடக்கிறது? பெரும்பாலும் கொமினிகேஷன் கடையில். போட்டோ பிரதி எடுத்து, ரீலோட் போட்டு, பரீட்சை முடிவு பார்த்துக் கொடுக்கும் தம்பிதான் இப்போது வரி அலுவலகமும். பேச்சு இப்படிப் போகும்:

"ஈமெயில் இருக்காண்ணே?"

"அதெல்லாம் எங்க தம்பி. நீயே ஒன்னு போட்டுரு."

"பாஸ்வேர்டு என்ன வைக்க?"

"நீயே எழுதி வச்சுக்கப்பா. எனக்கு மறந்துரும்."

கடைக்காரரின் ஈமெயில், இரகசிய இலக்கம், ராமிஸ் எனும் வரிக் கணினியின் வாசல் எல்லாம் அந்தத் தம்பியின் கொப்பிக்குள் போய்விடுகின்றன. அவர் நல்ல பிள்ளையாகவே இருக்கலாம். நாளை கொழும்புக்கோ கட்டாருக்கோ வேலைக்குப் போய்விட்டால்? திணைக்களத்திலிருந்து நினைவூட்டல் யாரும் திறக்காத பெட்டிக்கு வந்துகொண்டிருக்கும். தவணை தவறிய தண்டம் மட்டும் உரியவர் பெயரில் ஏறும்.

மலையகத்துக்கு இது பழைய காயம். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக, தொழிலாளியின் கடன் எவ்வளவு என்று எழுதிய துண்டு வேண்டும் என்ற காலம் இருந்தது. எழுதியவர் வேறு, கடன்பட்டவர் வேறு. எழுதியதை வாசிக்க அவரால் முடியவில்லை. 1921இல் சட்டம் அந்த முறையை ஒழித்தது. தன் கணக்கைத் தானே வாசிக்க முடியாத நிலைக்கு அவர்களின் பேரப்பிள்ளைகளை மறுபடி தள்ளக் கூடாது என்பதே என் கவலை. கட்டாயம் என்று சொல்லும் முன்னால், சொல்லப்படுபவர் தன் மொழியில், தன் போனில், தானே செய்ய முடிகிறதா என்று பார்க்கும் பொறுப்பு அரசுக்கு உண்டு. தமிழ் இந்த நாட்டின் அரச கரும மொழி, பசறை உட்பட பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகள். அப்படியிருக்க, வரி விவரத்திரட்டின் ஒவ்வொரு கட்டத்தையும் அதைத் திருத்தும் வழியையும் தமிழில் கேட்பது சலுகை கேட்பதாகாது.

முகவரிச் சிக்கலும் சின்னதல்ல. பசார்க் கடைக்கு முகவரி உண்டு. லயத்து அறையில் தையல் இயந்திரம் போட்டிருப்பவருக்கோ வீட்டு வாசலில் கடலை, முறுக்கு விற்பவருக்கோ பெயர், டிவிசன், தோட்டம், மடுல்சீமை என்பதுதான் முகவரி. நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கு அதே முகவரிதான். கடிதம் தோட்ட ஆபீசுக்கு வந்து, அங்கிருந்து யார் கையிலாவது வர வேண்டும். பதில் தர நாள் குறித்த கடிதம் நாள் கடந்து கிடைத்தால் தவறு யாருடையது?

வருமான வரி விவரத்திரட்டுக்குக் கடைசி நாள் நவம்பர் 30. ஊவாவில் அது மழைக்காலத்தின் நடு. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது பதுளை மாவட்டத்தின் மலைகள் சரிந்தன, பாதைகள் அறுந்தன, மின்சாரமும் தொலைபேசியும் போயின. உயிரையும் உறவையும் தேடிக்கொண்டிருந்த ஊரில் இணையவழி சமர்ப்பிப்பைப் பற்றிப் பேசுவதே தகாது. இப்படியான மாவட்டங்களுக்குப் பேரிடர் அறிவித்த உடனேயே தவணை தானாகத் தள்ளிப்போகும் என்று சட்டத்திலேயே எழுத வேண்டும். ஒவ்வொரு தடவையும் அறிவிப்பு வருமா என்று காத்திருக்க வைக்கக் கூடாது.

வெளிநாடுகள் இதில் எதுவும் செய்யாமல் இல்லை. பிரித்தானியா மின்வரி முறையை 2019இல் வற்றில் கட்டாயமாக்கியது. தனிநபர் வருமான வரிக்கு வர 2026 ஏப்ரல் வரை எடுத்துக்கொண்டது, அதுவும் முதலில் ஆண்டுக்கு 50,000 பவுணுக்கு மேல் வரவுள்ளவர்களுக்கு மட்டும். வயது, உடல் இயலாமை, ஒதுங்கிய இடத்தில் வாழ்தல் ஆகிய காரணங்களால் கணினி வழியில் செய்ய முடியாதவர் விலக்குக் கேட்கலாம் என்றும் விதி வைத்தது. இந்தியாவில் 2020 ஜூன் முதல், வரி ஏதும் இல்லாத மாதத்துக்கான ஜிஎஸ்டி விவரத்தை ஒரு குறுஞ்செய்தியில் அனுப்பிவிடலாம். ஒன்றரைக் கோடி இந்திய ரூபாய் வரை விற்கும் கடைக்காரர், கழிவுக் கணக்கெல்லாம் இல்லாமல் விற்பனையில் 1 சதவீதம் கட்டி முடிக்கும் வழியும் அங்கே உண்டு. விலக்கு, குறுஞ்செய்தி, 1 சதவீதம் ஆகிய இந்த மூன்றும் ஊவாவின் கடைகளுக்குப் பொருந்தும். குறுஞ்செய்தி மூன்றிலும் மலிவு, சிக்னல் ஒரு கோடு இருந்தாலும் போய்விடும்.

கணக்கு எழுதுவதால் கிடைக்கும் நன்மையையும் சொல்லியாக வேண்டும். கடையை விரிக்க முதல் தேவைப்பட்டால் மலையகத்தில் முதலில் போவது நகை. வங்கியில் கடன் கேட்டால் வருமானத்துக்குச் சான்று கேட்பார்கள், கொப்பியை ஏற்கமாட்டார்கள். ஒழுங்காகச் சமர்ப்பித்த மூன்று நான்கு ஆண்டு விவரத்திரட்டு கையில் இருந்தால் பேச்சு மாறும். பிட்டமாறுவ சின்ன உலக முடிவு எனும் மலை விளிம்பைப் பார்க்க வரும் இளைஞர்களுக்கு அறையும் சாப்பாடும் கொடுக்கத் தொடங்கியிருப்பவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். இந்த நன்மை கடைக்காரருக்குக் கிடைக்க, விவரத்திரட்டு அவர் கையில் இருக்க வேண்டும்.

அதனால் அரசிடம் கேட்பதைக் கேட்டுக்கொண்டே, கடைக்காரர்கள் இப்போதே செய்யக் கூடியவையும் உண்டு. கொப்பி அப்படியே இருக்கட்டும். பக்கத்தில் இன்னொரு கொப்பி போட்டு, நாள் முடிவில் மொத்த விற்பனையை மட்டும் விலக்குள்ளது, வரியுள்ளது என்று இரண்டு நிரலில் எழுதுங்கள். மொத்தக் கடையில் வரிப்பட்டியல் கேட்டு வாங்கி மாதவாரியாகக் கட்டி வையுங்கள். ஈமெயிலைக் கொமினிகேஷனில் திறந்தாலும், வீட்டில் ஏஎல் படிக்கும் மகளோ மகனோ அதை உங்கள் போனில் போட்டு இரகசிய இலக்கத்தை மாற்றித் தரட்டும். டின் சான்றிதழை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை அடையாள அட்டையோடு வையுங்கள். சந்தேகம் வந்தால் திணைக்களத்தின் 1944 இலக்கத்துக்கு அழைத்து, தமிழில் பேச வேண்டும் என்று முதல் வார்த்தையிலேயே சொல்லுங்கள்.