மாலை ஷிஃப்டுக்கு வரும் வெயில்

வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களின் கேள்வி ஒன்று 2020 மார்ச் ஊரடங்கிலிருந்து இன்றுவரை மாறவில்லை: கையில் இருபதாயிரம் ரூபாய் இருக்கிறது, முதலில் எதை வாங்குவது? சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையிலும் தாம்பரம் மெப்ஸ் வளாகத்திலும் உள்ள ஐ.டி. அலுவலகங்கள் ஆட்களைத் திரும்பக் கூப்பிட்டுவிட்டன என்றாலும், வாரத்தில் இரண்டு மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை என்பது சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர் வீடுகளில் நிலைத்துவிட்டது. விளம்பரங்களிடம் பதில் தயாராக இருக்கிறது. முதுகெலும்பைத் தாங்கும் எர்கனாமிக் நாற்காலி, பொத்தானை அழுத்தினால் உயரும் மேஜை, திரையின் நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி. இதில் கடைசிப் பொருள் கண் அயர்ச்சியைக் குறைப்பதாகச் சொல்லத் தக்க சான்று இல்லை என்று காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 2023லேயே சொல்லிவிட்டது. முதல் இரண்டும் மோசமான பொருட்கள் அல்ல, வரிசைதான் தவறு. டாப் ஃப்ளோரில் குடியிருப்பவர் தன் முதல் ரூபாயைத் தலைக்கு மேலே செலவழிக்க வேண்டும். ஏன் என்பதற்கான காரணம் வெயிலின் அளவில் இருப்பதைவிட, அது வீட்டுக்குள் வந்துசேரும் நேரத்தில் இருக்கிறது.

வெயில் கான்கிரீட்டுக்குள் நடந்துதான் வருகிறது, அதுவும் மிக மெதுவாக. ஏப்ரல், மே மாதங்களில் உச்சிப்பொழுதில் மொட்டை மாடியின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் கிட்டத்தட்ட 1,000 வாட் சூரிய ஆற்றல் விழுகிறது. தட்டோடு பதித்த சிவந்த தரை அதில் பாதிக்கு மேல் விழுங்கிவிடும். விழுங்கிய சூடு உடனே கீழே இறங்குவதில்லை. மேலடுக்கு தன்னைச் சூடாக்கிக்கொண்ட பிறகுதான் அடுத்த அடுக்குக்கு மிச்சத்தைக் கொடுக்கும். அதுவும் தன் பங்கை எடுத்துக்கொண்டுதான் கீழே அனுப்பும். இப்படிக் கைமாறி வரும் அன்றாட வெப்ப அலை கான்கிரீட்டில் மணிக்குச் சுமார் 4 சென்டிமீட்டர்தான் நகரும் என்பது கணக்கு. ஐந்து அங்குலத் தளத்தைக் கடக்க மூன்று மணி நேரத்துக்கு மேல். அதற்கு மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டோடு பதித்திருந்தால் இன்னும் மூன்று மணி நேரம். மாடித் தரை உச்சச் சூட்டை எட்டுவது பிற்பகல் ஒன்றரை மணிவாக்கில் என்றால், அந்த உச்சம் கீழே உட்காரைக்கு, அதாவது கூரையின் உட்பக்கப் பூச்சுக்கு, வந்துசேரும்போது இரவு ஏழரை. நியூயார்க்கில் காலை ஒன்பது மணி என்பது கோடையில் நமக்கு மாலை ஆறரை. அமெரிக்க வாடிக்கையாளரின் கால் தொடங்கிச் சூடுபிடிக்கும் நேரத்தில், நண்பகல் வெயிலும் சரியாக வேலைக்கு வந்து சேர்கிறது.

இந்தத் தாமதத்தில் ஓர் அழகு உண்டு. வெயில் எவ்வளவு கடுமை என்பதைப் பொறுத்து அது மாறுவதே இல்லை. 2003 மே மாத இறுதியில் சென்னை 45 டிகிரியைத் தொட்ட நாளானாலும், மார்கழியின் இளவெயிலானாலும், அலை அதே மணிக்கணக்கில்தான் கீழே இறங்கும். தடிமனும் பொருளும் மட்டுமே நேரத்தைத் தீர்மானிக்கின்றன. தடிமன் கூடக் கூட அலை பிந்துவதோடு குட்டையாகவும் ஆகிறது; வெறும் தளத்தைவிடத் தட்டோடு போட்ட தளம் பிந்திச் சுடும், குறைவாகவும் சுடும். பழைய கனத்த தோசைக்கல்லை நினைத்துக்கொள்ளலாம். அடுப்பைப் பற்றவைத்தவுடன் சுடாது. அணைத்தவுடன் ஆறவும் ஆறாது. கடைசி தோசையை அடுப்பை அணைத்துவிட்டே வார்க்கிற கைகளுக்கு இது தெரியும். நம் கூரை கவிழ்த்துப் போட்ட தோசைக்கல், அடுப்பு அதற்கு மேலே, கீழே லேப்டாப்புடன் வார்க்கப்பட்டிருப்பவர் தோசை. மாடியில் போட்ட தகர ஷீட் அறை என்றால் அது மெல்லிய நான்ஸ்டிக் கல்: நண்பகலில் கருகவிடும், ஏழு மணிக்கு ஆறிவிடும். ஆகவே பகல் ஷிஃப்டுக்கு உதவாத ஷீட் அறை, இரவு ஷிஃப்டுக்குக் கான்கிரீட் அறையைவிடத் தேவலாம் என்ற விசித்திர முடிவுக்கு வருகிறோம். ஏ.சி. என்பது தீயைக் குறைக்காமல் தோசையின் மேல் ஐஸ்கட்டி வைப்பது. வெள்ளையடிப்பது அடுப்பைச் சிம்மில் வைப்பது. ஒரே ஒரு குறை, இந்தத் தோசையைத் திருப்பிப் போட முடியாது.

கூரைச் சூட்டைப் பலரும் கண்டுகொள்ளாமல் விடுவதற்குக் காரணம், சுவரில் மாட்டிய வெப்பமானி அதைப் பெரும்பாலும் பார்ப்பதே இல்லை. அது காற்றைத்தான் அளக்கிறது. உட்காரையோ காற்றைக் கேட்காமல் நேரே உடலுக்குக் கதிர் வீசுகிறது. அறை வெப்பநிலைகளில் இந்தக் கதிர்ப் பரிமாற்றம் ஒரு டிகிரி வித்தியாசத்துக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 6 வாட். தோல் 34 டிகிரி, உட்காரை 40 டிகிரி என்று வைத்துக்கொண்டால், கூரையைப் பார்த்திருக்கும் உடற்பரப்பு சதுர மீட்டருக்கு 36 வாட் வீதம் சூட்டை வாங்கிக்கொள்கிறது. உட்கார்ந்து தட்டச்சு செய்யும் உடல் 100 வாட்டுக்குச் சற்று அதிகமான வெப்பத்தை வெளியேற்றியே ஆக வேண்டும். சாதாரண அறையில் அதில் பெரும் பங்கு இதே கதிர்வழியாகத்தான் சுவருக்கும் கூரைக்கும் போகும். கூரை சுடும்போது வடிகால் அடைபடுவது மட்டுமல்ல, எதிர்த்திசையில் பாயவும் செய்கிறது. காற்று 31 டிகிரிதான் என்று கருவி காட்ட, நெற்றி வியர்த்துக்கொண்டிருப்பது இதனால்தான்.

வரலாறு கேட்பவர்களுக்காக ஒரு பத்தி. காற்றின் சூட்டையும் கதிரின் சூட்டையும் பிரித்தறிய, கறுப்பு வண்ணம் பூசிய செம்புக் கோளத்துக்குள் வெப்பமானியைச் செருகும் வழியை 1930களில் பரப்பியவர் பிரிட்டனின் வெர்னான். டென்மார்க்கின் ஃபாங்கர் 1970இல் உடற்சுகத்துக்குச் சமன்பாடே எழுதினார். அவர் கணக்குக்கு ஆதாரமாக மூடிய அறைகளில் உட்காரவைக்கப்பட்டவர்கள் அமெரிக்க, டேனிஷ் மாணவர்கள். அந்தச் சமன்பாடு உலகத்து அலுவலக ஏ.சி.களையெல்லாம் ஆண்டது. அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகத்தார் சென்னை உட்பட ஐந்து இந்திய நகரங்களின் அலுவலகங்களில் கேட்டறிந்து 2014இல் வெளியிட்ட மாதிரி, ஜன்னல் திறந்த கட்டடங்களில் நம்மவர்கள் இன்னும் அதிகச் சூட்டிலும் சுகமாக இருக்கிறார்கள் என்று காட்டியது. வீட்டு அலுவலகத்துக்கு 22 டிகிரி தேவையில்லை என்பதற்கு இதுவே போதும்.

சரி, கூரைக்கு என்ன செய்வது? சுண்ணாம்புப் பாலில் கொஞ்சம் ஃபெவிகால் கலந்து மாடித் தரையில் இரண்டு கை அடிப்பது பழைய வைத்தியம். நூறு சதுர அடி அறைக்கு மேலே அடிக்கப் பொருள் செலவு சில நூறு ரூபாயில் முடியும். புதிதாக அடித்த வெள்ளை, வெயிலில் முக்கால் பங்கு வரை திருப்பி அனுப்பிவிடும். தெலங்கானா 2023இல் குளிர்கூரைக்கென்றே கொள்கை வகுத்தது. தமிழக அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இந்தச் சூட்டில் குளிர்காயப் பெயின்ட் வியாபாரமும் கிளம்பிவிட்டது. 'பத்து டிகிரி குறையும்' என்று டப்பாவில் போட்டிருந்தால், குறைவது மாடித் தரையின் மேற்பரப்பா அறைக்காற்றா என்று பார்க்க வேண்டும். மேற்பரப்பில் பத்து டிகிரியும் அதற்கு மேலும் குறைவது நிஜம். அறைக்காற்றில் இரண்டு மூன்று டிகிரி குறைந்தால் அதுவே நல்ல விளைச்சல். விலை கூடிய பெயின்ட் அதிக நாள் தாங்கும். சுண்ணாம்பு ஐப்பசி மழையில் கரையும், பாசியும் தூசியும் படிந்து கறுக்கும். ஆனால் தை, மாசியில் மறுபடி அடித்தால் போதும், ஏனென்றால் வெள்ளை தேவைப்படும் மாதங்கள் அதற்குப் பிறகுதான் வருகின்றன.

வாடகை வீட்டுக்காரர் கூரையில் எப்படிக் கைவைப்பது என்பது நியாயமான ஆட்சேபம். ஹவுஸ் ஓனரிடமும் அசோசியேஷனிடமும் கேட்டால் சுண்ணாம்புக்கு மறுப்பு வருவது அரிது, செலவு கேட்டால்தான் வரும். கேட்கவே முடியாதவருக்கும் தாமதக் கணக்கு உதவும். மாலையில் மாடிக்குத் தண்ணீர் ஊற்றும் வழக்கத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு பதினைந்து லிட்டர் வாளித் தண்ணீர் முழுதும் ஆவியானால் பத்து யூனிட் மின்சாரத்துக்கு ஈடான வெப்பத்தைத் தூக்கிக்கொண்டு போகும், சாதாரண விஷயமல்ல. ஆனால் ஆறு மணிக்கு ஊற்றியதன் பலனும் அதே வேகத்தில் நடந்துதான் இறங்கும். உட்காரைக்கு வரும்போது நள்ளிரவு. ஊற்றுவதானால் ஒரு மணிக்கு ஊற்ற வேண்டும். 2019இல் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற புறநகரில் அதையும் தினசரி யோசனையாகச் சொல்ல மனம் வரவில்லை. பச்சை நிழல்வலையை மாடித் தரையிலிருந்து இரண்டு அடி உயரத்தில், இடையே காற்று ஓடும்படி கட்டுவது மேல். அதுவும் இயலாதவர் செலவே இல்லாமல் செய்யக்கூடியது, மேஜையைத் தூக்கி வேறு அறையில் போடுவது. இங்கே வடக்கு ஜன்னல் குளிர்ச்சி என்ற பொதுவிதியை நம்ப வேண்டாம். சென்னை 13 டிகிரி அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடு வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. அந்த மாதங்களில் காலையிலும் மாலையிலும் வடக்குச் சுவர் வெயில் வாங்கும். ஒதுக்க வேண்டிய முதல் சுவர் மேற்குச் சுவர். அதுவும் கூரையைப் போலவே மாலையில் வாங்கியதை இரவில் கொடுக்கும்.

ஏ.சி. வாங்கினால் இந்த வம்பெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். ஏ.சி. காற்றைக் குளிரவைக்கும், அதன் உணரியும் காற்றைத்தான் அளக்கும். உட்காரை சுட்டுக்கொண்டே இருப்பதால் 26இல் வைக்க வேண்டியதை 22இல் வைப்போம். இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண வரிசையே மாறிவிடும் ஊரில் அது சின்ன விஷயமல்ல. ஏ.சி. இருக்கும் வீட்டுக்கும் வெள்ளைக் கூரை லாபம்தான். ஏர் கூலர் கடற்கரை ஊருக்குத் தோதில்லை; ஈரக் காற்றில் இன்னும் ஈரம் சேர்ப்பதால் வியர்வை உலர்வது கெடும். ஃபேன் வேறு கதை. அது காற்றைக் குளிர்விப்பதில்லை, வியர்வையை உலர்த்துகிறது. ஒரு நிமிடத்துக்கு ஒரு கிராம் வியர்வை ஆவியானால் 40 வாட் சூடு கழிந்தது. புழுக்கமான 33 டிகிரி நாளில்கூடத் தோலின் ஈர அழுத்தம் காற்றுடையதைவிடக் கணிசமாக அதிகம் என்பதால் இந்த வழி அடைபடாது. பழைய சீலிங் ஃபேன் 75 வாட் வாங்கி அத்தனையையும் கடைசியில் அறைக்குள்ளேயே சூடாக விடும், பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட்டில் அதே வேலையைச் செய்யும். நாளுக்குப் பத்து மணி நேரம் ஓடினால் ஒரு பில்லில் 27 யூனிட் மிச்சம். ஆனால் சுடும் உட்காரைக்குக் கீழே சீலிங் ஃபேன், கூரையை ஒட்டித் தேங்கிய அனலைத்தான் தலையில் இறக்கும். கடற்காற்று வந்துவிட்ட மாலையில் ஜன்னலோரம் வைத்த டேபிள் ஃபேன் அதைவிடப் புத்திசாலித்தனம்.

முதுகுவலிக்காரர்களின் ஆட்சேபத்தைக் கடைசியில் வைத்திருக்கிறேன், ஏனென்றால் அதில் பாதி உண்மை உண்டு. நாள் முழுக்க உட்காரும் உடம்புக்கு இருக்கை முக்கியம். ஆனால் லேப்டாப்பின் அடிப்படைக் கோளாறு, திரையும் விசைப்பலகையும் ஒட்டிப் பிறந்திருப்பது: கைக்கு ஏற்ப வைத்தால் கழுத்து குனியும், கண்ணுக்கு ஏற்ப உயர்த்தினால் தோள் தூக்கும். ஆயிரம் ரூபாய்க்குள் தனி கீபோர்டும் மவுஸும், லேப்டாப்புக்குக் கீழே நாலு தடித்த புத்தகமும், கால் தொங்காமலிருக்க ஒரு மணைப்பலகையும் அதைத் தீர்க்கும். மிச்சத்தை அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடப்பது தீர்க்கும். எந்த நாற்காலியும் அதற்கு மாற்றல்ல. அதோடு நாற்காலிக்கும் சூடு உண்டு. அமெரிக்கப் பொறியாளர்களின் ஆஷ்ரே தர அட்டவணையில், மெத்தை வைத்த எக்சிகியூட்டிவ் நாற்காலி உடுப்புக் கணக்கில் 0.15 அலகு சேர்க்கிறது. அரைக்கைச் சட்டைக்கு 0.19. வலை பின்னிய நாற்காலிக்குச் சுழியம். ஆக விலை உயர்ந்த ரெக்சின் சிம்மாசனத்தில் சாய்பவர் கோடையில் சட்டைமேல் சட்டை போடுகிறார். வயர் பின்னிய பழைய நாற்காலியில் சாய்பவருக்கு முதுகு உலர்கிறது.

எனவே இருபதாயிரத்தின் வரிசை இது: சுண்ணாம்பு அல்லது நிழல்வலை, நல்ல ஃபேன், தனி கீபோர்டு, வலை நாற்காலி. இவை எல்லாம் சேர்ந்தே பாதிப் பணத்தில் முடியும். கீழ் மாடிக்காரர்கள் முதல் பொருளை விட்டுவிட்டு இரண்டாவதிலிருந்து தொடங்கலாம், அவர்களுக்கு மேலே வேறொருவர் வெந்துகொண்டிருக்கிறார். மீதிப் பணத்தைக் குறிவைத்து வரும் ஒவ்வொரு விளம்பரத்திடமும் இரண்டு கேள்வி கேட்டால் போதும்: குறைகிற டிகிரி எந்த இடத்தில், எத்தனை மணிக்கு?