வலையைக் கீழே வைத்தால்தான் பதவியா?

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோ மீட்டரில் இருக்கிறது பழவேற்காடு. அங்குள்ள உவர்நீர் ஏரி, இந்தியாவிலேயே இரண்டாவது பெரியது. ஒடிசாவின் சிலிகா ஏரிதான் அதைவிடப் பெரியது.

கடலும் ஏரியும் கலக்கும் முகத்துவாரத்தின் அருகே இறால் நன்றாகக் கிடைக்கும். நல்ல இடங்கள் கொஞ்சம். வலை கட்டுகிறவர்கள் அதிகம். யாருக்கு எந்த இடம்?

இதற்காக ஏற்பட்டதே "பாடு" முறை. சீட்டுப் போட்டு முறை வைப்பார்கள். இன்று ஒருவருக்கு நல்ல இடம் என்றால், அது முறைப்படி மற்றவருக்கும் வந்து சேரும். பல தலைமுறையாக இது நடக்கிறது.

இதிலும் குறை உண்டு. பெண்களுக்கும் மற்றச் சாதியாருக்கும் பங்கு இல்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். "நீ வலையை விட்டுவிடு, அப்போதுதான் உனக்கு நல்ல இடம்" என்று பாடு முறை யாரிடமும் சொல்வதில்லை.

கம்பெனியில் எப்படி?

கடலோரக் குடும்பங்களிலும் இன்று என்ஜினீயரிங் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் வேலை தேடிப் போகும் ஊர் சென்னை. 2000-ம் ஆண்டில் தரமணியில் டைடல் பார்க் திறக்கப்பட்டது. பிறகு பழைய மகாபலிபுரம் சாலை நெடுக சாப்ட்வேர் கம்பெனிகள் வந்தன.

அங்கே முக்கியமான வேலை, புரோகிராம் எழுதுவது. கம்ப்யூட்டர் என்ன செய்ய வேண்டும் என்பதைப் படிப்படியாக எழுதித் தர வேண்டும். வலை கட்டுவது போல இதுவும் கைப்பழக்கத்தால் வருவது.

ஒரு பிள்ளை பத்து வருஷம் இப்படி எழுதித் தேர்ந்துவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். உடனே, "நீ மானேஜர் ஆகிவிடு" என்கிறார்கள். ஆனால் பிறகு புரோகிராம் எழுத நேரம் ஏது? கூட்டம், கணக்கு, யாருக்கு லீவு என்பதிலேயே பொழுது போய்விடும்.

மறுக்கலாமே! மறுத்தால், பல கம்பெனிகளில் சம்பளம் ஒரு மட்டத்தோடு நின்றுவிடும். வீட்டுக் கடன் தவணை நிற்குமா? தங்கை கல்யாணம் காத்திருக்குமா? உறவினர்கள் வேறு கேட்கிறார்கள்: "இத்தனை வருஷமாச்சு, இன்னும் மானேஜர் ஆகலையா?"

இரட்டை நஷ்டம்

நல்ல வேலைக்காரர் போய்விடுகிறார். நல்ல மானேஜர் கிடைக்கிறாரா? அதுவும் நிச்சயம் இல்லை. அமெரிக்கக் கம்பெனிகளின் விற்பனையாளர்களைப் பற்றிய ஓர் ஆராய்ச்சி 2019-ல் வெளிவந்தது. நன்றாக விற்றவர்களுக்கே பதவி உயர்வு கிடைத்ததாம். ஆனால் மிக அதிகமாக விற்றவர் மானேஜரான இடங்களில், அவருக்குக் கீழே இருந்தவர்களின் விற்பனை குறைந்துபோனது!

வழி உண்டா?

உண்டு. ஏணி இரண்டு வேண்டும். ஒன்று ஆளை நடத்துகிறவருக்கு. மற்றொன்று வேலையில் தேர்ந்தவருக்கு. ஐ.பி.எம். கம்பெனி 1960-களிலேயே, தொழில்நுட்பத்தில் தலைசிறந்தவர்களுக்கு "ஃபெல்லோ" என்ற உயர்ந்த பதவியை ஏற்படுத்தியது. இப்போது வேறு கம்பெனிகளிலும் இப்படிப்பட்ட பதவிகள் உண்டு. ஆனால் இடங்கள் குறைவு. அவற்றைப் பெருக்குவது முதலாளிகளின் பொறுப்பு.

மானேஜர் வேலையும் நல்ல வேலைதான். ஆசையும் திறமையும் உள்ளவர்கள் தாராளமாகப் போகட்டும். கடனுக்கும் ஊர்ப் பேச்சுக்கும் பயந்து போக வேண்டாம்.

வீட்டாருக்கும் இதில் பங்கு உண்டு. அடுத்த முறை பிள்ளை ஊருக்கு வந்தால், "மானேஜர் ஆகிவிட்டாயா?" என்று கேட்கும் முன், "செய்கிற வேலை பிடித்திருக்கிறதா?" என்று கேளுங்கள். வலை கட்டிப் பழகிய தகப்பனாருக்கு அந்தக் கேள்வியின் அருமை தெரியும்.