ஊதிய பிறகு என்ன செய்வது?

இரவு பத்தரை மணி. டாஸ்மாக் கடை மூடி அரை மணி நேரம் ஆகியிருக்கும். மேம்பாலத்து இறக்கத்தில் போலீஸ் தடுப்பு. ஓரங்கட்டப்பட்ட பைக்காரர் முதலில் செல்போனை நீட்டுகிறார்: "சார், அண்ணன் லைன்ல இருக்கார், ஒரு வார்த்தை பேசுங்க." அண்ணன் பேசியும் பலிக்கவில்லை என்றால் குரல் தணிகிறது: "இங்கயே ஏதாவது கட்டிட்டுப் போயிடறேன் சார்."

அங்கே கட்டுவதற்கு எதுவும் இல்லை. ஹெல்மெட் இல்லாதது, இன்சூரன்ஸ் இல்லாதது போன்றவற்றைத்தான் ரோட்டிலேயே தொகை வாங்கி முடிக்கலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 200-வது பிரிவு அவற்றைப் பட்டியலிடுகிறது; குடித்துவிட்டு ஓட்டுவதற்கான 185-வது பிரிவு அந்தப் பட்டியலில் இல்லை. அந்த வழக்கு நீதிமன்றத்துக்குத்தான் போகும். தடுப்புக்குப் பக்கத்தில் கைமாறும் பணத்துக்குப் பெயர் அபராதம் அல்ல, லஞ்சம். ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு கொடுப்பவரும் குற்றவாளிதான்.

குடித்துவிட்டு ஓட்டுவதற்கு 2,000 ரூபாயாக இருந்த அபராதத்தை 2019 செப்டம்பர் 1 முதல் 10,000 ஆக்கினார்கள். ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் சேர்த்து. இரண்டாம் முறை என்றால் 15,000 ரூபாய், இரண்டு ஆண்டு வரை சிறை. ரோட்டில் வசூலிக்கும் மற்ற தொகைகளைத் தமிழ்நாடு 2022 அக்டோபரில் உயர்த்தியது. ஹெல்மெட்டுக்கு 100 ரூபாய் 1,000 ஆனது. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 500 என்பது 5,000 ஆனது. "நான் குடிக்கல, பின்னாடிதான் உட்கார்ந்து வந்தேன்" என்பதும் இப்போது எடுபடாது. உடந்தையாக இருப்பதற்கு 188-வது பிரிவு இருக்கிறது. சென்னை போலீஸ் அதைப் பின்னிருக்கைக்காரர் மீதும் பயன்படுத்தத் தொடங்கிவிட்டது.

100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினால் குற்றம். காபியும் எலுமிச்சைச் சாறும் வாசனையைக் குறைக்கலாம், அந்த அளவைக் குறைக்காது.

ஊதச் சொன்னால் ஊதிவிடுவதே நல்லது. மறுத்தால் அதையே அவருக்கு எதிரான சான்றாக நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம். கருவி காட்டும் எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். கருவி மேல் சந்தேகம் இருந்தால் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பும்படி அங்கேயே கேட்க வேண்டும். கைது செய்தால் இரண்டு மணி நேரத்துக்குள் பதிவுபெற்ற மருத்துவர் பரிசோதிக்க வேண்டும்; இல்லாவிட்டால் விட்டுவிட வேண்டும் என்று 202-வது பிரிவு சொல்கிறது. ஸ்டேஷன் பெஞ்சில் விடியும்வரை உட்கார வைக்கப்படுபவர்களுக்கு இது தெரிவதில்லை. தெரிந்த அதிகாரிகளும் வாய் திறப்பதில்லை.

லைசென்ஸை வாங்கிக்கொண்டால் ரசீது வாங்காமல் நகரக் கூடாது. 206-வது பிரிவின்படி அந்தத் தற்காலிக ஒப்புகைச் சீட்டுதான், அதில் குறித்த காலம் வரை, லைசென்ஸாகச் செல்லும். சீட்டு இல்லாமல் ஓட்டி அடுத்த தடுப்பில் மாட்டினால் "போன வாரம் அவங்க வாங்கிட்டாங்க" என்பதை யாரும் நம்ப மாட்டார்கள்.

பெரும்பாலானோர் கோட்டை விடுவது இதற்குப் பிறகுதான். நீதிமன்றத்தில் பத்தாயிரம் கட்டியதும் கதை முடிந்தது என்று நினைக்கிறார்கள். போலீஸ் வாங்கிய லைசென்ஸ் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போகிறது. அதைத் தற்காலிகமாக ரத்து செய்யும் அதிகாரம் போலீசுக்கு இல்லை, அங்கேதான் இருக்கிறது. அதுவும் சம்பந்தப்பட்டவர் தரப்பைக் கேட்ட பிறகே செய்ய முடியும். 19-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. அதற்கான நோட்டீஸ் லைசென்ஸில் உள்ள முகவரிக்குப் போகும். அது பத்து வருடத்துக்கு முன் காலி செய்த வாடகை வீடாக இருக்கும். பதில் வராததால் உத்தரவு போட்டுவிடுவார்கள்.

ஆகவே பரிவாஹன் தளத்தின் சாரதி பகுதியில் முகவரியும் செல்போன் எண்ணும் சரியாக இருக்கின்றனவா என்று இன்றே பார்த்துவிட வேண்டும். நோட்டீஸ் கையில் கிடைத்தால் குறித்த நாளில் நேரில் போய், விளக்கத்தை எழுத்தில் கொடுத்து, நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்க வேண்டும். கவுன்டரில் "போங்க, பார்த்துக்கறோம்" என்பார்கள். முத்திரை இல்லாமல் போகக் கூடாது. உத்தரவு பாதகமாக வந்தால், அது கையில் கிடைத்த நாளிலிருந்து 30 நாளைக்குள் மேல்முறையீடு செய்யலாம். யாரிடம் செய்ய வேண்டும் என்பதை அந்த அலுவலகத்திலேயே எழுத்தில் கேட்கலாம். தபால் உறையைக் கிழித்து எறியக் கூடாது. எந்த நாளில் வந்தது என்பதற்கு அதிலுள்ள முத்திரைதான் சாட்சி. முப்பது நாள். இதைத் திரும்பவும் சொல்வதற்குக் காரணம், முப்பத்தைந்தாம் நாள் வக்கீலைத் தேடி ஓடுபவர்கள்தான் அதிகம்.

போதையில் மோதினால் சொந்த வண்டியின் சேதத்துக்கு இன்சூரன்ஸ் பணம் வராது. அடிபட்டவருக்கு நிறுவனம் இழப்பீடு கொடுத்துவிட்டு, பிறகு அந்தத் தொகையை வண்டிக்காரரிடமே வசூலிக்க நீதிமன்றங்கள் பல வழக்குகளில் அனுமதித்திருக்கின்றன.

பிள்ளையிடம் சாவி கொடுப்பவர்களுக்கு 2024 மே மாதத்துப் புனே விபத்து நினைவிருக்க வேண்டும். பதினேழு வயதுச் சிறுவன் ஓட்டிய போர்ஷே கார் மோதி ஐ.டி. ஊழியர்கள் இருவர் இறந்தார்கள். ரத்த மாதிரியை மாற்றியதாக மருத்துவர்களே கைதானார்கள். 199ஏ பிரிவின்படி பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் இல்லை. பதினாறு வயதில் கிடைக்கும் லைசென்ஸ் 50 சிசிக்கு உட்பட்ட கியர் இல்லாத வண்டிக்கு மட்டும்தான். டியூஷனுக்குப் போகும் 110 சிசி ஸ்கூட்டருக்குச் செல்லாது.

குடிக்காதவர்களும் சிக்கும் இடம் ஒன்று உண்டு. லைசென்ஸ் காலாவதியான பிறகு முன்பு 30 நாள் சலுகை இருந்தது. 2019 திருத்தம் அதை எடுத்துவிட்டது. முடியும் தேதிக்கு ஓராண்டு முன்பிருந்தே புதுப்பிக்கலாம். முடிந்து ஓராண்டைத் தாண்டினால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும். நாற்பது வயதைக் கடந்தவர்கள் மருத்துவரிடம் படிவம் 1ஏ வாங்கி வைத்துக்கொண்டுதான் விண்ணப்பிக்க வேண்டும். பரிசோதிக்காமல் கையெழுத்துப் போட்டுத் தரும் புரோக்கர் படிவம் ஆர்.டி.ஓ. வாசலிலேயே கிடைக்கும். அதை வாங்கக் கூடாது.