உள்ளங்கையில் பழைய விளையாட்டுப் பொறிகள்

ஒரு புத்தகம் அச்சாகி நூறாண்டு கழிந்த பின்னும் படிக்கப்படுகிறது. தாள் இற்றுப்போகாமல் இருந்தால் போதும். மின்னணு விளையாட்டுகளுக்கு இந்தப் பேறு இல்லை. அவை எந்தப் பொறிக்காக எழுதப்பட்டனவோ, அந்தப் பொறியில் மட்டுமே இயங்கும். பொறி பழுதானால் விளையாட்டும் ஊமையாகிவிடும். 1980-களிலும் 1990-களிலும் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் கோடிக்கணக்கில் விற்ற பொறிகளில் பல, மின்தேக்கி கசிந்தும் திரையில் கோடு விழுந்தும் மூலையில் கிடக்கின்றன. அமெரிக்காவிலுள்ள ‘வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன்’ என்னும் அமைப்பு 2023-ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டது. அந்நாட்டில் 2010-க்கு முன் வெளியான பழைய விளையாட்டுகளில் 87 விழுக்காடு விற்பனையில் கிடைப்பதில்லை என்பது அதன் முடிவு.

இவற்றை இன்னும் இயங்க வைத்துக்கொண்டிருப்பவை பெரும்பாலும் ‘எமுலேட்டர்’ எனப்படும் நிரல்களே. இதற்குத் தமிழில் ‘போலி’ என்று பெயரிட்டால் பொருள் இழிந்துவிடுகிறது. ‘பாவனை’ என்றாலோ பொருள் குறைந்துவிடுகிறது. ஆதலின் எமுலேட்டர் என்றே எழுதுகிறேன். ஒரு பொறியை மற்றொரு பொறிக்குள் நிரலாகவே எழுப்பி நிறுத்துவது இதன் வேலை. கைக்குள் அடங்கும் ஒரு சிறு கருவியில் இஃது எங்ஙனம் நடைபெறுகிறது என்பதையே இங்குக் கூற விரும்புகிறேன்.

எடுத்துக்காட்டாக, நின்டெண்டோ நிறுவனம் 1989 ஏப்ரலில் ஜப்பானில் வெளியிட்ட ‘கேம் பாய்’ பொறியை எடுத்துக்கொள்வோம். நான்கு சிறு பேட்டரிகளால் இயங்கிய பொறி அது. திரையில் குறுக்கே 160 புள்ளிகள், நெடுக்கே 144 புள்ளிகள். நிறம் கிடையாது, பசுமை கலந்த நான்கு சாயல்கள் மட்டுமே. செயல் நினைவகம் 8 கிலோபைட். இதன் மையச் செயலகம் ஷார்ப் நிறுவனம் செய்தது. ஏறத்தாழ 500 ஆணைகளை அறிந்தது. இன்றைய கைப்பேசியிலோ, பழைய விளையாட்டுகளுக்கென்றே விற்கும் கையடக்கக் கருவியிலோ இருப்பது ஆர்ம் வகைச் செயலகம். ஒன்றின் மொழி மற்றொன்றுக்குச் சிறிதும் புரியாது.

ஆகவே இடையில் ஒரு துபாஷி தேவைப்படுகிறார். எமுலேட்டர் விளையாட்டின் முதல் ஆணையைப் படிக்கிறது. ‘இதைக் கண்டால் கேம் பாய் என்ன செய்திருக்கும்?’ என்று பார்க்கிறது; அதையே தன் நினைவகத்தில் செய்கிறது; அடுத்த ஆணைக்குப் போகிறது. இவ்வாறு ஒவ்வொன்றாகப் பெயர்ப்பது ஒரு முறை. ஆணைகளைத் தொகுதி தொகுதியாக முன்னரே பெயர்த்து வைத்துக்கொண்டு, அதே பகுதி மீண்டும் வரும்போது நேராக ஓட்டுவது மற்றொரு முறை. பின்னது விரைவானது. கேம் பாய் போன்ற சிறு பொறிக்கு முன்னதே போதும்.

இதுவரை கூறியதைக் கணிப்பொறி பயிலும் மாணவர் எவரும் ஒரு விடுமுறைக்குள் எழுதிவிடலாம். கடினம் இனிமேல்தான் தொடங்குகிறது. ஆணைகளைச் சரியாகப் பெயர்த்தால் மட்டும் விளையாட்டு சரியாக ஓடாது. காலமும் பொருந்த வேண்டும்.

கேம் பாயின் உள்ளே ஒரு படிகம் நொடிக்கு 41,94,304 முறை துடிக்கிறது. திரையில் ஒரு வரி வரைய 456 துடிப்புகள். கண்ணுக்குத் தெரியும் 144 வரிகளோடு, ஓய்வுக்கென 10 வரிகளுக்குரிய நேரமும் உண்டு. ஆக ஒரு முழுப்படத்துக்கு 70,224 துடிப்புகள். நொடிக்கு ஏறத்தாழ 59.7 படங்கள். மையச் செயலகம், திரை, ஒலி மூன்றும் இந்த ஒரே தாளத்துக்குக் கட்டுப்பட்டவை. அக்கால நிரலாளர் இதை நன்கு அறிந்திருந்தனர். ஒரு வரி முடிந்து அடுத்த வரி தொடங்குவதற்குள் கிடைக்கும் இமைப்பொழுதில் திரையின் அமைப்பை மாற்றி, நீர் அலைவது போலவும், கீழே மதிப்பெண் பட்டை அசையாமல் நிற்க மேலே நிலம் நகர்வது போலவும் காட்டினர். எமுலேட்டர் சில துடிப்புகள் பிசகினாலும் அந்த அலை ஒடிந்துவிடும். வாய்ப்பாட்டுக்காரர் ஓரிடத்திலும் மிருதங்கக்காரர் வேறோரிடத்திலும் நின்றால் கச்சேரி என்னாகும்?

இதில் என்னைப் பெரிதும் கவர்ந்தது, குறைகளையும் பின்பற்ற வேண்டியிருக்கிறது என்பதே. கேம் பாயின் திரை மிக மந்தமானது. ஒரு படம் மறைவதற்குள் அடுத்தது வந்துவிடும். இந்த மந்தத்தையே சிலர் பயன்படுத்திக்கொண்டனர். ஓர் உருவத்தை ஒரு படத்தில் காட்டி அடுத்த படத்தில் மறைத்தால், பழைய திரையில் அது நிழல் போல அரைகுறையாகத் தெரியும். இன்றைய கூர்மையான திரையிலோ அது வெறுமனே மினுக்மினுக்கென்று கண்ணைக் குத்துகிறது. ஆதலின் நல்ல எமுலேட்டர்கள் முந்தைய படத்தைச் சிறிதளவு கலந்து காட்டி, வேண்டுமென்றே திரையை மங்கச் செய்கின்றன.

கையடக்கக் கருவிக்கே உரிய தொல்லை ஒன்றும் உண்டு. என்னிடமுள்ள கருவியின் திரை 640-க்கு 480 புள்ளிகள். கேம் பாய் படத்தை மும்மடங்காக்கினால் 480-க்கு 432; சுற்றிலும் கருப்பு விளிம்பு நிற்கும். திரையின் உயரம் முழுவதையும் நிரப்பினாலோ 144 வரிகள் 480 வரிகளாக வேண்டும். மூன்றும் மூன்றில் ஒரு பங்கும்! சில வரிகள் மூன்றாகவும் சில நான்காகவும் தடிக்கின்றன, எழுத்துகள் கோணுகின்றன, படம் நகரும்போது நெளிகிறது. பெரிய படத்துக்கு ஆசைப்பட்டு இதைப் பொறுத்துக்கொள்வோர் பலர். எனக்குக் கருப்பு விளிம்பே மேல்.

கேம் பாய் சிறிய பொறி. இன்றைய கைப்பேசிக்கு அது சுமையே அன்று. அடுத்த படியில்தான் கருவி தடுமாறுகிறது. 1990-இல் ஜப்பானில் வந்த ‘சூப்பர் ஃபேமிகாம்’ என்னும் பொறியின் செயலகம் 3.58 மெகாஹெர்ட்ஸ் வேகத்தைத் தாண்டாது. அதற்காக ‘பிஸ்னெஸ்’ என்ற எமுலேட்டரை எழுதியவர் ‘பியூ’ என்ற புனைபெயரால் அறியப்பட்டவர். அந்தப் பொறியைப் பிழையின்றிப் பின்பற்ற 3 கிகாஹெர்ட்ஸ் கணிப்பொறி தேவை என்று அவர் 2011-இல் எழுதினார். எண்ணூறு மடங்குக்கும் மேல்! ஒவ்வொரு துடிப்பிலும் எல்லாச் சிப்புகளையும் ஒன்றுக்கொன்று காத்திருக்கச் செய்வதால் வரும் விலை இது.

இவ்வளவு எதற்கு என்று கேட்கலாம். அவர் காட்டிய சான்று ‘ஏர் ஸ்ட்ரைக் பேட்ரோல்’ என்னும் விளையாட்டு. அதில் விமானத்தின் கீழே தரையில் ஒரு நிழல் விழும். திரையின் ஒரு வரி பாதி வரைந்துகொண்டிருக்கும்போதே அமைப்பை மாற்றி அந்த நிழலை உண்டாக்கியிருந்தனர். வரி முழுவதையும் ஒரே மூச்சில் வரைந்துவிடும் விரைவு எமுலேட்டர்களில் நிழல் தோன்றுவதில்லை. விளையாட்டு நிற்காது, பிழைச் செய்தியும் வராது. ஆனால் குண்டு எங்கே விழும் என்று குறிபார்க்க உதவுவது அந்த நிழல்தான். அசல் பொறியைக் கண்டிராதவர், அப்படி ஒன்று இருந்ததென்றே அறியமாட்டார். பொறிகள் அழிந்த பின் எமுலேட்டர் காட்டுவதே வரலாறாகிவிடும் என்பதால், இதை வெறும் பொழுதுபோக்குக்காரரின் பிடிவாதம் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கையடக்கக் கருவியில் துல்லியம் கூடக் கூட பேட்டரி கரைகிறது. பேருந்துப் பயணத்தில் விளையாடுகிறவருக்கு விரைவு எமுலேட்டர் போதும். ஆவணமாகக் காக்க நினைப்பவருக்குப் போதாது.

சட்டத்தையும் சுருக்கமாகத் தொட வேண்டும். சோனி நிறுவனம் கனெக்டிக்ஸ் நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கில், எமுலேட்டர் உருவாக்குவதற்காகப் பொறியின் உள்நிரலைப் படியெடுத்து ஆராய்ந்தது நியாயமான பயன்பாடே என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. ஆப்பிள் நிறுவனமும் 2024 ஏப்ரலில் தன் கடையில் இத்தகைய நிரல்களுக்கு இடமளித்தது. எனினும் எமுலேட்டர் வேறு, விளையாட்டு வேறு. விளையாட்டுக்குப் பதிப்புரிமை உண்டு. அதை விலையின்றி எங்கிருந்தோ இறக்கிக்கொள்வது வேறு கணக்கில் சேரும்.

பொறியின் உள்நிரலுக்கும் அவ்வாறே உரிமை உண்டு. கேம் பாயை இயக்கியவுடன் திரையின் மேலிருந்து நிறுவனத்தின் பெயர் மெல்ல இறங்கும். அதைச் செய்வது பொறிக்குள் இருக்கும் 256 பைட் நிரல். விளையாட்டு அட்டையிலுள்ள 48 பைட் சின்னத்தைத் தன்னிடமுள்ளதோடு அது ஒப்பிடும். பொருந்தாவிட்டால் பொறி அங்கேயே நின்றுவிடும். வேலை முடிந்ததும் அந்நிரல் தன் கதவைத் தானே சாத்திக்கொள்ளும். அதன்பின் எந்த விளையாட்டு நிரலாலும் அதைப் படிக்க முடியாது. அதனால் எமுலேட்டர்கள் நெடுங்காலம் அந்தத் தொடக்கத்தைத் தாண்டிக் குதித்தே வேலையைத் தொடங்கின. 2003-இல் ஓர் ஆர்வலர் சிப்பின் மேலுறையை நீக்கி, நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் படமெடுத்து, 2,048 பிட்டுகளையும் ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்தே படித்து முடித்தார்.