ஊரணிக் கரையோரம் - 14: அப்பத்தாவின் தேத்தாங்கொட்டை

போன வாரம் ஊரணிக்கு நடுவே கிணறு எதற்கு என்று பார்த்தோம். அதற்கு முந்தைய வாரம் காவல். தவறவிட்டவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளுங்கள். இந்த வாரம் ஊரணிக்கு மழைத்தண்ணீரைக் கொண்டுவரும் வரத்துக்காலைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்குள் ஒரு கொட்டை குறுக்கே வந்துவிட்டது.

சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமம். நல்ல மழை பெய்து ஊரணிக்குப் புதுத்தண்ணீர் வந்திருந்த நேரம். குடத்தில் வந்த தண்ணீர் டீயின் நிறத்தில் இருந்தது. நான் போயிருந்த வீட்டு அப்பத்தா மண்பானையின் உட்புறத்தை ஈரமாக்கி, தட்டையான வட்டக் கொட்டை ஒன்றை அதில் வட்டம் வட்டமாக இழைத்தார். வெளுத்த குழம்பு போல ஏதோ ஒட்டியது. அதன்மேல் தண்ணீரை ஊற்றி மூடிவிட்டார்.

“கரைச்சு ஊத்தக் கூடாதா அப்பத்தா?”

“எதுக்கு? தேச்சாப் போதும். காலையில வந்து மேலாக்க மோந்துக்க. அடியைக் கலக்கிப்புடாத.”

காலையில் பானையின் அடிச்சேறு வரைக்கும் கண்ணுக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து எனக்குத் தேத்தாங்கொட்டைப் பைத்தியம்.

விஷயம் இதுதான். களிமண் துகள்கள் நுண்ணியவை. எல்லாவற்றின் மேலும் எதிர்மின்னேற்றம். அதனால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு, அடியில் படியாமல் நாள்கணக்கில் மிதக்கும். கொட்டையிலிருந்து கரையும் நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் ஒரே சமயத்தில் பல துகள்களைப் பற்றிக்கொள்ள, அவை திரண்டு கனத்து இறங்கிவிடுகின்றன. முருங்கை விதைக்கு வேறு வழி: அதிலுள்ள புரதம் நேர்மின்னேற்றம் கொண்டது, துகள்களின் தள்ளுமுள்ளைத் தணித்துவிடும். சுத்திகரிப்பு நிலையங்களில் படிகாரம் போடுகிறார்களே, அதுவும் இந்த வேலைக்குத்தான்.

தேத்தா மரம் எட்டி மரத்துக்குப் பங்காளி. இரண்டும் தாவரவியலில் ஒரே பேரினம். விஷத்துக்குப் பேர்போன குடும்பத்தில் குடிதண்ணீருக்கென்றே ஒரு பிள்ளை! கலித்தொகையிலேயே இந்தக் கொட்டை வருகிறது, கலங்கிய மனம் தெளிவதற்கு உவமையாக. திருக்குவளைக் கோயிலின் தலமரம் இதுதான். வடமொழியில் இதற்குக் கதகம் என்று பெயர். அதன் பெயரை உச்சரிப்பதால் மட்டும் தண்ணீர் தெளிந்துவிடாது என்று மனுஸ்மிருதியில் ஓர் இடம் உண்டு. மற்றதில் மனுவோடு எனக்கு ஒத்துப்போகாது, இதில் ஒத்துப்போகிறது. ‘நீர்நிலைகளைக் காப்போம்’ என்று எழுதிய சுவருக்குப் பின்னாலேயே குப்பை கொட்டும் ஊர்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்த வரி நினைவுக்கு வருகிறது.

சரி, இவ்வளவு புகழ்ந்த கொட்டையால் முடியாதது என்ன? கலங்கலை இறக்கும், கரைந்துபோனதை ஒன்றும் செய்யாது. சேற்றோடு கிருமிகளில் ஒரு பகுதி இறங்கும், மிச்சத்துக்குக் காய்ச்சத்தான் வேண்டும். காய்ச்சியும் போகாதது நைட்ரேட். வயலில் கொட்டிய யூரியாவிலிருந்தும் சாணக் கழிவிலிருந்தும் வருவது. காய்ச்சக் காய்ச்சத் தண்ணீர் ஆவியாகிப் போகும், நைட்ரேட் அப்படியே தங்கும். லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்கிறது இந்தியக் குடிநீர்த் தரம். கைக்குழந்தைகளின் ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறவிடாமல் செய்வது இது. கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்கும் பிடிபடாது.

அப்பத்தா காலத்து ஊரணிக்கு மழைக்காலத்தில் வந்த பெரிய தொல்லை சேறு. அதற்குக் கொட்டை போதுமாயிருந்தது. இன்று வரத்துக்காலில் வருவது வேறு. பைக் கழுவிய சோப்புத் தண்ணீர், மெக்கானிக் கடை வாசலில் வடித்துவிட்ட எஞ்சின் ஆயில், மழை வரும் என்று தெரிந்தும் முந்தின நாள் வீசிய உரம், காலாவதியாகிச் சாக்கடையில் கொட்டிய மாத்திரை. பாஸ்பேட் கலந்த சோப்புத்தூள் போய்ச் சேரும் குளத்தில் பாசியும் ஆகாயத்தாமரையும் கொழிக்கும். அவை மடிந்து அழுகும்போது தண்ணீரிலிருக்கும் ஆக்சிஜன் தீர்ந்து மீன் செத்து மிதக்கும்.

ஊரணிக் கரையில் செருப்போடு ஏறாதே, தண்ணீரில் கால் நனைக்காதே, குளிக்காதே என்று சட்டம் வைத்த ஊர்கள் இன்றும் உண்டு. காவலுக்கு ஆளும் போட்டிருக்கிறார்கள். ஆனால் அந்தக் காவல் கரையோடு சரி. ஊரணிக்குத் தண்ணீர் தரும் நிலம் ஊரணியைப்போலப் பல மடங்கு. அதில் உங்கள் வீட்டு வாசலும் அடக்கமாக இருக்கலாம். உரத்தைப் பிரித்துப் பிரித்துப் போடுவதும், வண்டியைத் தெருவில் நிறுத்திக் கழுவாமல் மண்தரையில் கழுவுவதும், பழைய ஆயிலை டப்பாவில் பிடித்து வைப்பதும் அந்த வாசலில் செய்கிற வேலைகள்.

பக்கம் தீர்ந்துவிட்டது, வரத்துக்கால் அடுத்த வாரம், நிச்சயமாக. அதற்குள் உங்கள் ஊரில் மழை பெய்தால் குடையோடு வாசலுக்கு வந்து, கூரையிலிருந்து விழும் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எதைக் கடந்து எங்கே போய்ச் சேருகிறது என்று கொஞ்ச தூரம் நடந்து பார்த்து வையுங்கள். அங்கிருந்துதான் தொடங்கப் போகிறேன்.

(தொடரும்)