ரோட்டோரப் புளியைத் திங்கலாமா?

அருப்புக்கோட்டை ரோட்டுப் புளியமரங்களைக் காட்டி, "வண்டிப்புகையில நிக்குதே, இந்தப் புளியைத் திங்கலாமா?"ன்னு கேட்கிறார்கள். பேங்க் புத்தி, கணக்குப் பார்த்தே சொல்கிறேன்: திங்கலாம்.

ஈயம் கலந்த பெட்ரோல் 2000-லேயே நம்ம நாட்டில் நின்றுபோச்சு. பழைய ஈயம் மண்ணில் கிடக்கும். ஆனால் வேர்வழியாகப் பழம்வரை ஏறுவது சொற்பம். மேலே படியும் தூசிதான் சங்கதி. புளிக்கு ஓடு உண்டு. உடைத்தால் தூசி ஓட்டோடு போயிரும். நாவல்பழத்துக்கு மென்தோல்தான், நல்லாக் கழுவணும். ரோட்டோரக் கீரையை நான் தொடுவதில்லை. இலை பூராவும் தூசி.

என் பயம் வேற. ஓடு நீக்கிய புளியைத் தார்ரோட்டிலேயே காயப்போடுகிறோமே! அந்தப் பிசுபிசுப்பில் டயர்த்தூளும் எண்ணெயும் ஒட்டினால் கழுவினாலும் போகாது. குமாரலிங்கபுரத்தில் நான் களத்தில் ஓலைப்பாய் விரித்துத்தான் காயவைக்கிறேன். மரத்தை ஏலம் எடுத்தவரிடம் வாங்குகிறவர்கள், எங்கே காய்ந்ததுன்னு கேட்டு வாங்குங்க.