வயிறு வடிக்கும் கஞ்சி

"மூன்று வேளையும் சோற்றுக்குப் பதிலாகப் பவுடர் கலக்கிக் குடித்தால் சர்க்கரை வியாதி ஓடிவிடும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, நம்பலாமா?" என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகர். அதற்குக் கட்டுரையின் கடைசியில் வருகிறேன். எனக்கு அதைவிடப் பிடித்தது, போகிற போக்கில் அவர் சேர்த்திருந்த இரண்டாவது வரி: "என்ன இருந்தாலும் தண்ணிதானே சார், அரை மணியில் பசிக்காதா?"

பசிக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். கெட்டியானது வயிற்றில் தங்கும், நீர்த்தது ஓடிவிடும் என்பது நம் எல்லோருடைய கணக்கு. இங்கிலாந்தில் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தினர் இந்தக் கணக்கை எம்.ஆர்.ஐ. கருவியில் வைத்துச் சரிபார்த்தார்கள். ஒரு நாள் கோழிக்கறியும் காய்கறியும், கூடவே குடிக்கத் தண்ணீர். இன்னொரு நாள் அதே கறி, அதே காய், அதே தண்ணீர். ஆனால் எல்லாவற்றையும் ஒன்றாக அரைத்த சூப். கலோரியில் வித்தியாசம் கிடையாது. 2012-இல் வெளியான முடிவு நம் கணக்கைக் கவிழ்த்துவிட்டது. சூப் குடித்தபோதுதான் வயிறு அதிக நேரம் நிரம்பியிருந்தது, பசியும் மெதுவாக எடுத்தது.

மென்று தின்றது தோற்று, அரைத்துக் குடித்தது ஜெயித்தது எப்படி?

சோறு வடிக்கிற வீட்டில் வளர்ந்தவர்களுக்கு விளக்கமே தேவையில்லை. குக்கர் தலைமுறைக்காகச் சொல்கிறேன். பானையில் சோறு வெந்ததும் தட்டால் மூடிச் சாய்ப்பார்கள். தட்டின் ஓரத்து இடுக்கில் கஞ்சி ஒழுகிவிடும், பருக்கை உள்ளே நிற்கும். இரைப்பையின் அடிவாயில் இருக்கும் பைலோரஸ் என்ற தசை வளையம்தான் அந்தத் தட்டு. சாப்பாட்டு நேரத்தில் அது ஏறக்குறைய 2 மில்லிமீட்டருக்கும் சிறிய துணுக்குகளையே கீழே விடும். கறியும் காயும் தண்ணீருமாக உள்ளே போனால், தண்ணீர் பருக்கைகளைச் சுற்றிக்கொண்டு வெளியேறிவிடுகிறது. மிச்சம் கொஞ்சம் கறியும் பாதி காலியான வயிறும்தான். அரைத்த சூப்பில் வடிய எதுவும் பிரிந்து நிற்பதில்லை. வெந்த சோற்றை நீரோடு மசித்துக் கூழாக்கிவிட்டுப் பானையைச் சாய்த்துப் பாருங்கள், கஞ்சி தனியாக வராது. தண்ணீரும் சத்தோடு ஒட்டிக்கொண்டு, சத்தின் வேகத்திலேயே இறங்க வேண்டியிருக்கிறது.

சத்தின் வேகம் என்று ஒன்று உண்டா? உண்டு, நம் பானையின் விசேஷமே அதுதான். கஞ்சியைக் கீழே வாங்கிக்கொள்கிறவர் சும்மா இருப்பதில்லை. முன்சிறுகுடலின் சுவர், வருகிற திரவத்தில் கொழுப்பு எவ்வளவு, புரதம் எவ்வளவு என்று ருசி பார்க்கிறது. கனமாக இருந்தால் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோனைச் சுரந்து, 'தட்டை இறுக்கு' என்று மேலே உத்தரவு அனுப்புகிறது. அதனால் சத்துள்ள திரவம் நிமிடத்துக்குச் சுமார் 2 முதல் 4 கலோரி என்ற கணக்கில்தான் இறங்கும். பவுடர் கலக்கிய 200 கலோரி ஷேக் ஒன்று முழுதாக இறங்க 50 நிமிடத்திலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். பச்சைத் தண்ணீருக்கு இந்தக் கெடுபிடி இல்லை. கால் மணி நேரத்தில் பாதி போய்விடும். ஆகவே வாசகரின் 'தண்ணிதானே'வுக்கு வயிற்றின் பதில்: தண்ணீர் வேறு, ஷேக் வேறு.

பானையை இன்னும் கொஞ்சம் சாய்க்கிறேன். இந்தப் பானை வடிப்பதோடு நில்லாமல் நிமிடத்துக்கு மூன்று முறை தன் அடிப்பகுதியைச் சுருக்கி, பருக்கைகளைத் தட்டின்மேல் மோதி மசித்துக்கொண்டே இருக்கும். எல்லாம் வடிந்தபின், ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை, பலத்த சுருக்க அலை ஒன்று மேலிருந்து கீழே ஓடி, மசியாத நாரையும் தோலையும் துடைத்துத் தள்ளும். காலி வயிறு கடமுடவென்று இரைவது, பானை தன்னைத்தானே கழுவிக்கொள்ளும் சத்தம். எந்த வீட்டிலும் இப்படியொரு பானை இல்லை என்பதால் உவமையை இங்கேயே இறக்கி வைக்கிறேன்.

பவுடர் டப்பாவில் இருப்பது எந்தப் பால் புரதம் என்பதும் முக்கியம். பாலின் புரதத்தில் ஐந்தில் நான்கு பங்கு கேசீன். வயிற்று அமிலம் பட்டதும் அது திரிந்து கட்டியாகிறது; அதாவது நீங்கள் குடித்த பால் உள்ளே போய்த் திடப்பொருளாகிவிடுகிறது. மிச்சமுள்ள வே புரதம் திரியாது, சீக்கிரம் இறங்கிவிடும். உடற்பயிற்சிக் கூடங்களில் விற்கும் பவுடர் பெரும்பாலும் இந்த வே. டம்ளரில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். உள்ளே ஒன்று கட்டி, மற்றது நீர்.

இவ்வளவு கேட்டபிறகு, இனி எல்லாவற்றையும் மிக்சியில் போடலாம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பசி வயிற்றின் தனிக் குத்தகை அல்ல. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தார் 2000-இல் வெளியிட்ட சோதனையில், 15 பேருக்கு நான்கு வாரம் தினமும் 450 கலோரிக்கு ஜெல்லி மிட்டாயும், இன்னொரு நான்கு வாரம் அதே 450 கலோரிக்கு சோடா பானமும் கொடுத்தார்கள். மிட்டாய் தின்ற வாரங்களில் அவர்கள் தம்மையறியாமல் மற்றச் சாப்பாட்டைக் குறைத்துக் கணக்கைச் சமன் செய்துவிட்டார்கள். சோடா வாரங்களில் அது நடக்கவில்லை. குடித்தது அத்தனையும் உபரி. 15 பேரை வைத்து ஊருக்கே சட்டம் போட முடியாதுதான். ஆனால் குடித்த கலோரியை உடம்பு சரியாகக் கணக்கில் எழுதிக்கொள்வதில்லை என்று வேறு பல சோதனைகளும் சொல்கின்றன. மெல்லும் வேலை இல்லை, நாக்கில் தங்கும் நேரம் இல்லை. மூளைக்குத் தகவல் போவதற்குள் டம்ளர் காலி.

அதே பல்கலைக்கழகத்தின் 2012-ஆம் ஆண்டுச் சோதனை இன்னும் குறும்பானது. செர்ரிச் சுவையுள்ள பானத்தைக் கொடுத்து, 'இது வயிற்றுக்குள் போனதும் இறுகிவிடும்' என்று சிலரை நம்பவைத்தார்கள். உண்மையில் இறுகவில்லை. ஆனால் நம்பியவர்களுக்கு வயிறு நிரம்பிய உணர்வு கூடியது, பிறகு சாப்பிட்டதும் குறைந்தது, பானம் வயிற்றிலிருந்து இறங்கும் வேகமே தணிந்தது. தட்டைப் பிடிக்கும் கை குடலுடையது மட்டுமல்ல, மனசுக்கும் அதில் பங்கு உண்டு. 'குடித்தாலே வயிறு கம்மென்று நிறையும்' என்று டப்பாவில் அச்சடித்தால் கொஞ்சம் நிறையத்தான் செய்யும் போலிருக்கிறது. விளம்பரக்காரர்களுக்கு இதை யாரும் சொல்லிவிட வேண்டாம்.

சாப்பாட்டுக்குப் பதிலாகக் குடிக்கும் உணவின் வரலாறும் சொல்ல வேண்டுமே என்பதற்காக: 1959-இல் அமெரிக்காவில் மெட்ரிகால் என்ற பானம் வந்தது, நாளுக்கு 900 கலோரி. 1970-களில், விலங்குத் தோலிலும் தசைநாரிலும் கிடைக்கும் கொலாஜனைக் கரைத்துத் 'திரவப் புரதம்' என்று விற்றார்கள். டிரிப்டோபேன் என்ற அத்தியாவசிய அமினோ அமிலமே கொலாஜனில் கிடையாது. அதை மட்டுமே நம்பி மாதக்கணக்கில் இருந்தவர்களில் 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பலருக்கு இதயத்துடிப்பு தாறுமாறாகியிருந்தது. 1988-இல் ஓப்ரா வின்ஃப்ரே திரவ உணவால் தாம் இழந்த எடைக்கு ஈடாக 67 பவுண்டு கொழுப்பை வண்டியில் வைத்துத் தொலைக்காட்சி மேடைக்கு இழுத்து வந்தார். அந்த எடை திரும்பி வந்ததையும் பின்னாளில் அவரே சொன்னார். 2013-இல் ராப் ரைன்ஹார்ட் என்ற இளம் பொறியாளர், சாப்பாடு என்பதே நேர விரயம் என்று சாய்லென்ட் பவுடரைக் கொண்டுவந்தார். மனிதர்களையே அரைத்து உணவாக விற்கும் கதையுள்ள 1973-ஆம் ஆண்டுத் திரைப்படத்தை நினைவூட்டும் பெயர் அது. தலைமுறைக்கு ஒருமுறை 'இதோ எதிர்கால உணவு' என்று வருகிறது. எதிர்காலம் வந்ததும் ஆளாளுக்கு இட்லிக்கோ ரொட்டிக்கோ திரும்பிவிடுகிறார்கள்.

இனி வாசகரின் முதல் கேள்வி. வாட்ஸ்அப் செய்தியின் அடியில் ஒரு நிஜ ஆய்வு இருக்கிறது. பிரிட்டனில் ராய் டெய்லர், மைக் லீன் தலைமையில் நடந்த 'டைரக்ட்' ஆய்வு 2017 டிசம்பரில் லான்செட் இதழில் வந்தது. உடல் பருமனும் இரண்டாம் வகை நீரிழிவும் உள்ளவர்களில் ஒரு சாராருக்கு மூன்று முதல் ஐந்து மாதம் வரை நாளுக்கு 825 முதல் 853 கலோரிக்குத் திரவ உணவு மட்டும். ஓராண்டு முடிவில் அவர்களில் 46 சதவீதத்தினருக்கு மாத்திரையின்றிச் சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 4 சதவீதத்தினருக்குத்தான். நல்ல சேதிதான். ஆனால் இரண்டாம் ஆண்டில் அது 36 சதவீதமானது. ஐந்து ஆண்டுவரை பின்தொடரப்பட்டவர்களில் 13 சதவீதம்.

அந்த ஆய்வில் நான் அடிக்கோடிடும் இடம் வேறு. 15 கிலோவோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் 86 சதவீதத்தினருக்கு நோய் அடங்கியது. எடை கூடியவர்களில் ஒருவருக்குக்கூட அடங்கவில்லை. மருந்தாக வேலை செய்தது எடைக்குறைப்பு. கல்லீரலிலும் கணையத்திலும் தேங்கிய கொழுப்பு வடிந்தது என்பது டெய்லரின் விளக்கம். பவுடர் செய்த உதவி ஒன்றே ஒன்று: என்ன சாப்பிடலாம், எவ்வளவு சாப்பிடலாம் என்று யோசிக்கும் வேலையைச் சில மாதம் பிடுங்கிக்கொண்டது. பந்தியில் 'இன்னும் கொஞ்சம்' என்று சொல்ல முடியாதபடி பந்தியையே ரத்து செய்துவிட்டது. அது சின்ன உதவியல்ல. ஆனால் டப்பாவுக்குள் வேறு மந்திரம் எதுவும் இல்லை.

விளம்பரம் விழுங்கிவிட்ட விவரங்களும் உண்டு. இன்சுலின் போடுகிறவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. சேர்ந்தவர்களின் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் முதல் நாளே நிறுத்தப்பட்டன, மருத்துவக் கண்காணிப்போடு. மாத்திரையையும் விழுங்கிவிட்டு வெறும் 800 கலோரியில் இருந்தால் சர்க்கரை அபாயகரமாக இறங்கலாம். முழுச் சாப்பாட்டுக்கு ஈடான கலவையும் ஜிம் பவுடரும் ஒன்றல்ல; பின்னதில் வைட்டமின், தாது உப்புகள், நார்ச்சத்து எல்லாம் ஒரு நாள் தேவைக்கு இருக்காது. நம் ஐ.சி.எம்.ஆரும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியே, உடம்பை ஏற்றப் புரதப் பவுடர் வேண்டாம் என்கிறது.

ஆகவே வாசகர் தம் மருத்துவரைக் கேட்டுவிட்டு இறங்கலாம்; வாட்ஸ்அப்பைக் கேட்டு வேண்டாம். பவுடர் விற்கிறவரிடமும் ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்: 'இதை நிறுத்தியபிறகு என்ன சாப்பிடுவது?' டைரக்ட் ஆய்வில் பவுடர் கொடுத்தது சில மாதம். பிறகு இரண்டிலிருந்து எட்டு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பாட்டைத் திரும்பக் கொண்டுவந்து, அதற்குப் பின்னும் மாதாமாதம் கூப்பிட்டு விசாரித்தார்கள். கடினமான வேலை அதுதான். விற்பவரிடம் இதற்குப் பதில் இருந்தால் யோசிக்கலாம். பதிலுக்கு இன்னொரு டப்பாவை நீட்டினால், அந்தக் காசுக்குக் காய்கறி வாங்கிவிடுவது உத்தமம்.